ஐந்து கிலோ தொள்ளாயிரம் கிராம்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே! நாடியைப் பிடித்தே நம் நலம் காக்கும் தலைமை மருத்துவர் அவர்களே! கணக்கில் கண்டிப்பும் கண்களில் கனிவும் கொண்ட பொறியாளர் அம்மையாரே! முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோர்களே! மடியில் மழலையும் மனத்தில் மகிழ்ச்சியும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! சாரம் கட்டி, சட்டி சுமந்து, சலிக்காமல் உழைத்த என் சக தொழிலாளர்களே! நாற்காலி கிடைக்காமல் மதில்மேல் ஏறி அமர்ந்திருக்கும் இளைஞர்களே! அந்த மதிலும் நான் கட்டியதுதான், தாங்கும், தைரியமாக உட்காருங்கள். உங்கள் அத்தனை பேருக்கும் இந்த மேஸ்திரியின் பணிவான, கனிவான, கைகூப்பிய வணக்கம்!

மேஸ்திரிக்கு மேடை புதிது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று தலைவர் சொன்னார். ஐயா, முப்பது ஆண்டுகளாக ஒன்பது அங்குலப் பலகையில் நின்று வேலை பார்த்தவன் நான். இந்த மேடை இருபது அடி அகலம். இதிலிருந்து விழுந்தால் என் தொழிலுக்கே கேவலம்!

இரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்றும் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். தளம் போடுகிற அன்று ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவோம் என்று நான் சொல்வதும் இதே மாதிரிதான். என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள், பாருங்கள்.

அன்பிற்குரியவர்களே! எனக்கு முன்னால் பேசிய வரவேற்புரையாளர் என்ன சொன்னார்? கருங்கல் மேஸ்திரி ஒரு சிறு தவறும் இல்லாமல் இந்தக் கட்டடத்தை உயர்த்திக் கொடுத்தார் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். மேசைமேல் பளபளவென்று இருக்கும் கேடயத்தையும் வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் போக மாட்டேன்! நடந்தது என்ன என்று நானே சொல்லிவிட்டுத்தான் அதைத் தொடுவேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, இன்று ஒருநாள் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இதோ நிமிர்ந்து நிற்கிறதே இந்த மருத்துவமனை, போன வருடம் வரை இதற்கு இரண்டே தளம். பிறந்த குழந்தைகளுக்கென்று இருந்தது ஓர் அறை. அந்த ஓர் அறையில் பதினாறு தொட்டில்! ஒரு தொட்டிலுக்கும் அடுத்த தொட்டிலுக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். எடை குறைந்து பிறந்த பிள்ளைகளை இரண்டு மணி நேரம் ஆம்புலன்சில் வைத்து அடுத்த ஊருக்கு அனுப்பினோம். எத்தனை தாய்மார்கள் பச்சை உடம்போடு அந்த வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டி பிடித்துப் போனார்கள்? இங்கேயே இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேலே ஒரு தளம் எழுப்பினால் என்ன என்று கேட்டோம். வந்து பார்த்த பொறியாளர்கள் இரண்டு பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். இந்த இடத்து மண் மெத்தென்ற மண். இதன் அஸ்திவாரம் இரண்டு தளத்துக்காகப் போட்டது. வழக்கமான கான்கிரீட்டில் மூன்றாவது தளம் எழுப்பினால் அஸ்திவாரம் தாங்குவதைவிடச் சுமை நாற்பது டன் அதிகமாகிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவதாக வந்தவர் இந்த அம்மையார். என்னைவிடப் பத்து வயது இளையவர். கையில் ஒரு பை. பையில் ஒரு தராசு. எதை எடுத்தாலும் எடை போடுவார். அதனால்தான் எங்கள் ஆட்கள் இவருக்குத் தராசம்மா என்று பெயர் வைத்தார்கள். அம்மா, இன்றுவரை உங்கள் காதுபடச் சொன்னதில்லை, மன்னிக்க வேண்டும்! சிரிக்கிறார். தெரியும் போலிருக்கிறது.

அந்தத் தராசம்மா பையிலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இதோ, அதே மாதிரி ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. பின்வரிசைக்குத் தெரிகிறதா? கோலிக்குண்டு அளவு, பழுப்பு நிறம். இது களிமண் உருண்டை. சுழலும் சூளையில் கொளுத்தும் நெருப்பில் போட்டதும் சோளம் பொரிகிற மாதிரி உப்பிவிட்டது. வெளியே கெட்டியான ஓடு, உள்ளே நுண்ணிய நுண்ணிய ஓட்டைகள். தலைவருடைய தண்ணீர்க் கோப்பையைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறேன். போடுகிறேன், பாருங்கள். மிதக்கிறது! ஆம், மிதக்கிறது! ஜல்லி என்றால் மூழ்கும், இது மிதக்கும் ஜல்லி. ஐயா, அந்தத் தண்ணீரைக் குடித்துவிடாதீர்கள், வேறு கொண்டுவரச் சொல்கிறேன்.

கருங்கல் ஜல்லிக்குப் பதில் இந்தப் பொரிந்த ஜல்லியைப் போட்டுக் கலப்பதுதான் இலகு எடைக் கான்கிரீட். இந்த மேசைமேல் துணி மூடி இரண்டு கட்டிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே அளவு, பக்கத்துக்கு ஒரு சாண்கூட இல்லை. நீல உடை அம்மா, ஆமாம், நீங்கள்தான், மேலே வாருங்கள். கூச்சம் வேண்டாம். இதைத் தூக்குங்கள். கனக்கிறதா? எட்டு கிலோவுக்கு மேல், சாதாரணக் கான்கிரீட். இப்போது அதைத் தூக்குங்கள். பார்த்தீர்களா அவர் முகத்தை! அது ஐந்து கிலோ தொள்ளாயிரம் கிராம். கைதட்டுங்கள் அந்த அம்மாவுக்கு!

இந்த அம்மாவின் முகத்தில் வந்த அதே வியப்புதான் அன்று என் முகத்திலும் வந்தது. ஆனால் இவருக்கு வந்தது வியப்பு மட்டும். எனக்கு அதோடு சேர்ந்து சந்தேகமும் வந்தது.

ஏன் வராது? எடைதான் பலம் என்று நம்பி முப்பது வருடம் வாழ்ந்தவன் நான். கருங்கல் மேஸ்திரி என்ற பட்டப்பெயரே எனக்கு அதனால் வந்ததுதான். கதவைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம், பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறோம். கனமாக இருந்தால் கெட்டி, இலேசாக இருந்தால் ஓட்டை என்று கையே தீர்ப்பு எழுதிவிடும். என் கை எழுதிய தீர்ப்பும் அதுதான்.

தராசம்மா என்னை விடவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். நசுக்கும் இயந்திரத்தில் அந்த இலேசான கட்டியை வைத்தார். முள் ஏறுகிறது. பத்து டன்! இருபது டன்! முப்பது டன்! நான் காதைப் பொத்திக்கொண்டேன். நாற்பது! ஐம்பது! அறுபத்து நான்காவது டன்னில்தான் அது உடைந்தது. தேவைக்கு ஐம்பத்தேழு போதும் என்றார். நினைத்துப் பாருங்கள், தாய்மார்களே! இடுப்பில் தூக்கி வைக்கிற குழந்தையின் எடைகூட இல்லாத ஒரு கட்டி, பதினைந்து யானைகளைச் சுமந்து நிற்கிறது!

நம்பினேனா? நம்பவில்லை! இயந்திரம் பொய் சொல்லும், என் கை பொய் சொல்லாது என்று நினைத்துக்கொண்டேன். பிடிவாதத்துக்குப் பட்டம் கொடுப்பதாக இருந்தால் அன்றைக்கே எனக்குக் கொடுத்திருக்கலாம்.

வேலை தொடங்கியது. தளம் போடுவதற்கு முந்தைய நாளே ஜல்லியைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னார் தராசம்மா. எங்கள் ஆட்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஜல்லியை ஊறப்போட்ட முதல் கட்டடம் இதுதான், நாளைக்கு வேகவைக்கச் சொல்வார்களோ என்று கிண்டல் செய்தார்கள். காய்ந்த ஜல்லி கலவைத் தண்ணீரை உறிஞ்சிவிடும், கலவை இறுகிப் போகும் என்று பொறுமையாக விளக்கினார். குடித்த தண்ணீரை அது வைத்துக்கொள்ளாது, உள்ளேயிருந்து சிமெண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்து அதைக் கெட்டியாக்கும் என்றும் சொன்னார். அதிர்வு இயந்திரத்தை அளவோடு வைக்கச் சொன்னார், அதிகம் அதிர்ந்தால் ஜல்லி மேலே மிதந்து வந்துவிடுமாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

கடைசியில் கூரைத் தளம் போடுகிற நாளும் வந்தது. காலை ஆறு மணிக்கு ஆரம்பம். இயந்திரம் ஒரு முறை சுற்றி இறக்குவது ஒரு கலவை, அப்படி ஐம்பத்து நான்கு கலவை போட வேண்டும். கலவை இயந்திரத்தில் நின்றவர் என் மச்சான், என் மனைவியின் தம்பி. அதோ மூன்றாவது வரிசையில் நாற்காலிக்குக் கீழே எதையோ தேடுகிறாரே, அவரேதான்.

இப்போது என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மருத்துவமனையில் செவிலியர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த ஓர் அறையில் பதினாறு தொட்டில்களுக்கு நடுவே ஒருக்களித்து நடந்தவர். புதிய தளத்தில் அவருக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். வரைபடத்தில் அந்த இடத்தை எனக்கு விரல் வைத்துக் காட்டியிருந்தார். அந்த மேசைக்கு நேர்மேலே இருக்கிற கூரையைத்தான் அன்று காலை பத்து மணிக்கு நான் போட வேண்டியிருந்தது.

அன்பர்களே! அந்த இடம் வந்தது. என் கை நின்றுவிட்டது. பகலெல்லாம் இரவெல்லாம் என் மனைவி நிற்கப் போகிற இடம். அவர் தலைக்கு மேலே, தண்ணீரில் மிதக்கிற ஜல்லியையா போடுவேன்? மனம் கேட்கவில்லை. முற்றத்தில் பழைய வேலையில் மிஞ்சிய கருங்கல் ஜல்லி ஒரு குவியல் கிடந்தது. மச்சானைக் கூப்பிட்டு, அடுத்த ஐந்து கலவைக்கு, கலவைக்குப் பதினைந்து சட்டி மிதக்கும் ஜல்லியை எடுத்துவிட்டு அதற்குப் பதில் கருங்கல் ஜல்லி போடச் சொன்னேன்.

"மாமா, அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றார்.

"கேட்டாச்சு, போடு" என்றேன்.

பொய்! பச்சைப் பொய்! முப்பது வருட வேலையில் கலவையில் நான் சொன்ன முதல் பொய். நான்கு கலவை ஏறியது, பரவியது, சமமானது, ஐந்தாவதும் ஏறிக்கொண்டிருந்தது. மற்ற கலவையும் அதுவும் பார்வைக்கு ஒன்றேதான். எனக்கோ ஒரு பெரிய கடமையை முடித்த நிம்மதி.

பதினொரு மணிக்குத் தராசம்மா வந்தார். அந்த ஐந்தாவது கலவையின் கடைசிச் சட்டிகளில் ஒன்றைத் தடுத்து, கலவையை அள்ளி அச்சில் நிரப்பி, தராசில் வைத்தார். ஐந்து கிலோ தொள்ளாயிரம் காட்ட வேண்டிய இடத்தில் ஆறு கிலோ எண்ணூறு! தராசைச் சந்தேகப்பட்டார். எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்தார். தராசு சரி. மறுபடி நிறுத்தினார். ஆறு கிலோ எண்ணூறு. அந்தம்மாவின் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன்.

மச்சானிடம் போய்க் கேட்டார். மச்சான் வானத்தைப் பார்த்தார். அன்று வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை.

பிறகு என்னிடம் வந்தார். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"மேஸ்திரி, எங்கயோ வேற ஜல்லி கலந்திருக்கு. எந்தக் கலவையில, எத்தனை கலவையிலன்னு எனக்குத் தெரியல. தெரியாதப்போ எல்லாத்துலயும் கலந்திருக்குன்னுதான் நான் கணக்குப் போடணும். அப்படின்னா ஏழு டன் கூடுது. அஸ்திவாரம் தாங்காது. மொத்தத் தளத்தையும் எடுத்துடச் சொல்லுங்க."

மொத்தத் தளத்தையும்! அன்பார்ந்தவர்களே, அதன் பொருள் உங்களுக்குப் புரிகிறதா? அந்த மிதக்கும் ஜல்லி தொலைவிலிருந்து வர வேண்டும். மறுபடி வர ஐந்து மாதம் ஆகும். அதற்குள் மழைக்காலம் வந்துவிடும். கட்ட அனுமதித்தவர்கள், தளத்தையே இடித்தார்களாம் என்று கேள்விப்பட்டால் அனுமதியையே திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பதினாறு தொட்டில் அதே அறையில்தான் கிடக்கும். இரண்டு மணி நேர ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எத்தனை கலவை என்று மச்சானுக்குத் தெரியும், ஆனால் அது போய் விழுந்தது எந்த இடம் என்று உலகத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்! அந்த ஐந்து கலவை இறுகுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குள் சொன்னால் மண்வெட்டியால் அள்ளிவிடலாம். அதன் பிறகு சொன்னால் சம்மட்டியால் உடைக்க வேண்டும், பக்கத்திலிருக்கும் நல்ல தளமும் விரிசல் விடும். வாயைத் திறக்க எனக்கு ஒரு மணி நேரம்! ஆனால் திறந்தால் என்ன ஆகும்? இருபது ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள். கருங்கல் மேஸ்திரி பொறியாளருக்குத் தெரியாமல் கலவையில் கை வைத்தான் என்ற பேச்சு மாலைக்குள் எல்லாக் கட்டடத்துக்கும் போய்விடும். அதற்குப் பிறகு என்னை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?

பத்து நிமிடம் நின்றேன். ஒளிக்க மாட்டேன், பத்து நிமிடம் முழுதாக நின்றேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக் கொடுக்குமா என்று யோசித்தேன். தராசம்மா போனை எடுத்துத் தலைமை மருத்துவரின் எண்ணைத் தேடினார். அந்த நேரம் கீழேயிருந்து ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. ஜன்னலோரத் தொட்டிலாக இருக்கும். பூனைக்குட்டிக் குரல். அந்தக் குரல்தான் என்னைப் பிடித்துத் தள்ளியது.

"அம்மா, போனை வைங்க. நான்தான் போட்டேன். அஞ்சு கலவை. இடத்தைக் காட்டறேன்" என்றேன்.

நான் எதிர்பார்த்தது திட்டு. அவர் கேட்டதோ ஒரே கேள்வி, "வேற எங்கயும் இல்லையே?" இல்லை என்றேன். என் பேச்சை நம்பினாரா? நம்பினார், ஆனால் தராசையும் கையோடு எடுத்துக்கொண்டார்! மற்ற இடங்களில் எட்டுக் குழி பறித்து, கலவையை அள்ளி எடை போட்டார். எட்டும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் மண்வெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

அள்ளினோம், தோழர்களே, அள்ளினோம்! கம்பிக்கு மேலும் கம்பிக்குக் கீழும் கையை விட்டு அள்ளினோம்! முதல் சட்டியைத் தூக்கியவன் நான். இரண்டாவது சட்டியைத் தூக்கியவர் மச்சான். இறக்க ஆள் போதவில்லை. செய்தி கீழே எட்டியிருக்கிறது. வேலை நேரம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய செவிலியர் நான்கு பேர் படியேறி வந்து, வரிசையில் நின்று சட்டியைக் கைமாற்றினார்கள். அந்த வரிசையில் முதலில் நின்றவர் என் மனைவி.

நான் சட்டியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"ஏங்க, என் தலைக்கு மேலங்கறதுக்காகத்தான் இதப் போட்டீங்களா?"

"ஆமா."

"அப்ப எனக்காகவே எடுத்துருங்க. கூடுதலா ஒரு கிலோகூட என் தலைமேல வேணாம்."

அவையோரே! முப்பது வருடமாகக் கான்கிரீட் போடுகிறேன். எனக்குக் கான்கிரீட் புரிந்தது அந்த ஒரு நொடியில்தான்! அவருக்குப் பாதுகாப்பு என்று நினைத்து நான் என்ன செய்தேன்? அறுநூற்றைம்பது கிலோவைக் கூடுதலாக அவர் தலைக்கு மேல் தொங்கவிட்டேன்! பத்து ஆட்களை இரவும் பகலும் அந்தக் கூரைமேல் நிறுத்தி வைத்தேன்! அன்பால் செய்தேன் என்பதற்காகச் சுமை குறைந்துவிடுமா? குறையாது! தராசுக்கு அன்பு தெரியாது, அவையோரே, எடைதான் தெரியும்!

அரை மணி நேரத்தில் அள்ளி முடித்தோம். ஊறவைத்த ஜல்லி மிச்சம் இருந்தது. அதே இடத்தில் சரியான கலவையை நானே நின்று போட்டேன். தராசம்மா எடை பார்த்தார். ஐந்து கிலோ தொள்ளாயிரம். கோவிலில் மணியடித்தது போல் இருந்தது எனக்கு அந்த எண்.

நான் கலந்த கருங்கல் கலவையிலும் ஒரு கட்டியை எடுத்து வைத்திருந்தார். இருபத்தெட்டு நாள் கழித்து இரண்டையும் இயந்திரத்தில் நசுக்கினோம். இலேசானது அறுபத்து நான்கு டன். என் பெருமைக்குரிய கருங்கல் கலவை எவ்வளவு தெரியுமா? அறுபத்தாறு! அந்த இரண்டு டன்னுக்காகத்தான் பதினாறு தொட்டிலைப் பணயம் வைத்தேன். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள், நானும் சிரிக்கிறேன். அன்று சிரிக்க முடியவில்லை.

இப்போது நான் இதன் பிரச்சாரகன்! என்னைச் சந்திக்கிறவர்கள் எல்லோரும் ஓடி ஒளிகிறார்கள். பழைய பாலத்தின் தூண்கள் நன்றாக இருந்து மேல்தளம் மட்டும் அகலமாக வேண்டுமா? இதைப் போடுங்கள் என்கிறேன். மெத்தென்ற மண்ணில் வீடா? வெயிலில் கொதிக்கிற மாடியா? தீப்பிடித்தாலும் சீக்கிரம் சூடேறாத சுவரா? சிறிய கிரேன் தூக்கக்கூடிய பெரிய பலகையா? இதைப் போடுங்கள், இதைப் போடுங்கள் என்கிறேன்! எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று சொல்கிற ஆள் அல்ல நான். விலை கூட. ஊறவைக்கத் தெரியாதவன் கையில் கொடுத்தால் பாழ். கனமே தேவைப்படுகிற இடத்தில் இதற்கு வேலை இல்லை. ஆனால் தாங்குகிறவனின் தோளை நினைத்துப் பார்க்கிற பொருள் இது. பலம் என்பது எவ்வளவு கனக்கிறோம் என்பதா? இல்லை! நமக்குக் கீழே இருப்பவரை எவ்வளவு நசுக்காமல், நமக்கு மேலே வருவதை எவ்வளவு தாங்குகிறோம் என்பதே பலம்! என்பதே பலம்!

இன்று காலை அந்தப் புதிய தளத்துக்கு முதல் குழந்தையைத் தூக்கிப் போனார்கள். என் மனைவியும் தராசு வைத்துத்தான் வேலை பார்க்கிறார். அந்தக் குழந்தையை எடை போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு கிலோ எண்ணூறு. நேற்று வரை என்றால் இரண்டு மணி நேர ஆம்புலன்ஸ். இன்று இருபது படி. விரலை நீட்டினால் இறுக்கிப் பிடிக்கிறாளாம், விடுவேனா என்கிறாளாம்.

முடிக்கிறேன். தலைவர் கடிகாரத்தை மறுபடியும் கட்டிக்கொண்டார், பார்த்துவிட்டேன். கேடயத்தை வாங்கிக்கொள்கிறேன், ஆனால் அதைத் தராசம்மா ஒரு தடவை எடை போட்டுக் கொடுக்க வேண்டும்!

அன்று அள்ளிய அந்த ஐந்து கலவை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லையே? இறுகுவதற்குள் கீழே கொண்டுவந்து கொட்டிச் சமப்படுத்தினேன். வாசலிலிருந்து இந்த முற்றம் வரைக்கும் புதிதாக ஒரு நடைபாதை இருக்கிறதே, அதுதான்! என் தவறின்மேல் நடந்துதான் நீங்கள் அத்தனை பேரும் இந்த விழாவுக்கு வந்திருக்கிறீர்கள்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், என்னை நம்பிய பிறகும் எடை போட்ட அம்மையாருக்கும், வானத்தைப் பார்த்த மச்சானுக்கும், சட்டியை வாங்க மறுத்த என் மனைவிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. திரும்பிப் போகும்போது அந்தப் பாதையில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, காலை நன்றாக அழுத்தி வைத்து நடங்கள். அந்தக் கனத்துக்கு ஏற்ற இடம் அதுதான். உங்கள் காலடியில் அது எத்தனை காலமும் கிடக்கட்டும். அத்தனை பேருக்கும் மீண்டும் இந்த மேஸ்திரியின் வணக்கம்!